லைன் லீடரிடம் விழுங்கிய கோபம் வீட்டில் வெடிக்கிறது

கேள்வி

வணக்கம். எனக்கு 24 வயது. பட்டர்வர்த்தில் அம்மா, தம்பியுடன் இருக்கிறேன். பாலம் தாண்டி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெக்னிஷியன் வேலை. 7 மணிக்கு 7 மணி, 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. லைன் லீடர் எல்லார் முன்னாலும் கத்துவார். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் போதும், வெடித்துவிடுகிறேன். அப்புறம் அழுகை. "உன் வயசுல எனக்குக் கைல ஒரு பிள்ளை. உனக்கு இன்னும் பக்குவமே வரல" என்கிறாள் அக்கா. ஆறு வாரமாகக் கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்து மைண்ட்ஃபுல்னஸ் தியானம் செய்கிறேன், படுக்கும்முன் 20 நிமிடம். பாதி நாள் தூங்கிவிடுகிறேன். மீதி நாள் மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுகிறது, விரல் மதமதக்கிறது. சண்டை வரும்போல் இருந்தால் "நான் மெடிட்டேஷன் பண்ணப் போறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஒருமுறை இரண்டு நாள் பேசவில்லை. "நம்ம சாமி மந்திரம் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று அம்மா கேட்கிறார். நான் செய்வது தப்பா? கோபம் நிற்க இன்னும் எத்தனை மாதம் ஆகும்?

வாசகி, பட்டர்வர்த்

பதில்

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். கோபம் நிற்காது. ஆறு மாதம் செய்தாலும் ஆறு வருடம் செய்தாலும், ஒருவர் பத்துப் பேர் முன்னால் கத்தினால் உங்கள் காது சூடாகத்தான் செய்யும். மாறுவது வேறு. கோபம் கிளம்புவது எவ்வளவு முன்னதாக உங்களுக்குத் தெரிகிறது, வந்தபின் எவ்வளவு நேரம் தங்குகிறது, அதில் உடைந்ததை எத்தனை மணி நேரத்தில் ஒட்டவைக்கிறீர்கள் என்பவை மாறும். பக்குவம் என்று நான் அளப்பது கடைசியில் சொன்னதைத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், நீங்கள் கத்திய நாள்களைவிடக் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்த அந்த இரண்டு நாள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்முறையில் இரண்டு இடம் பிசகியிருக்கிறது. இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

ஒன்று, நேரம். 12 மணி நேர வேலை முடித்து, பஸ்ஸில் பாலம் கடந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கையில் சாய்ந்து கண்ணை மூடினால் உடம்பு தூங்காமல் என்ன செய்யும்? செயலியின் குரல் தூக்கம் வரவைக்கிறது என்றால் அதைத் தாலாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பயிற்சி என்பது விழித்திருக்கும்போது கவனம் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது. அதற்குப் படுக்கை சரியான இடமே இல்லை.

தூக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தூக்கம் குறைந்த மூளையில் அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி சின்ன விஷயத்துக்கே கிளம்பும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய முன்மூளை தளர்ந்து கிடக்கும். எனவே ஒரு வேலை செய்யுங்கள். சமையலறையில் தொங்கும் காலண்டரில் வெடித்த நாள்களை மட்டும் ஒரு புள்ளி வைத்து, இரவு ஷிப்ட் வாரங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். இரண்டு மாதத்தில் புள்ளிகள் இரவு வாரங்களிலும் அதையடுத்த இரண்டு மூன்று நாள்களிலும் குவிந்திருந்தால், உங்கள் குணத்தைவிடத் தூக்கம்தான் முதல் குற்றவாளி. கோப்பியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. காலை 9 மணிக்குத் தூங்க வேண்டியவர் விடியற்காலை 4 மணிக்குக் கேன்டீனில் கோப்பி ஓ (பாலில்லாக் கோப்பி) குடித்தால் அதில் பாதி உடம்பில் இருக்கும்போதே படுக்கிறார். கடைசிக் கோப்பியை இரவு 2 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தே தாரே என்ற பால் தேநீருக்கும் அதே கணக்கு. அறைக்குக் கெட்டியான திரை போடுங்கள். பகலில் தொலைபேசியில் அழைக்கும் பெரியம்மாக்களை அம்மா சமாளிக்கட்டும்.

இரண்டாவது பிசகு, மூச்சு. இது நிறையப் பேருக்கு நடக்கிறது. செயலிகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. மூச்சைக் "கவனி" என்றதும் பலர் அறியாமலே மூச்சை நடத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆழமாக இழுக்கிறார்கள், போதவில்லை என்று மறுபடி இழுக்கிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனி மதமதக்கிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது, தலை லேசாகிறது, நெஞ்சு இறுகுகிறது. நெஞ்சு இறுகியதும் "காற்று போதவில்லை" என்ற பயம் வருகிறது. பயத்தில் இன்னும் இழுக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்கள் அப்படியே இதற்குப் பொருந்துகின்றன.

ஆனாலும் ஒருமுறை அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிவிடுங்கள். மாடிப்படி ஏறும்போதும் நெஞ்சு இறுகுகிறதா, மயக்கம் வருகிறதா, இளைப்பு உண்டா என்று கேட்பார்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பாகத்தான் தெரியும். ரத்தப் பரிசோதனையில் தெளிந்துவிடும் விஷயத்தைத் தியானத்தால் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

உடம்பில் கோளாறு இல்லை என்றானபின், மூச்சை விட்டுவிடுங்கள். மனத்தைக் கட்டிப்போட மூச்சுதான் வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. உங்களுக்குப் பாதம் நல்ல இடம். 12 மணி நேரம் நின்ற பாதத்தில் உணர்ச்சிக்குப் பஞ்சம் இருக்காது.

செய்யும் இடம், கம்பெனி பஸ். நேரம், பாலம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேலே மட்டும் 8.4. பஸ் பாலத்தில் ஏறியதும் தொடங்குங்கள், கரை வந்ததும் விட்டுவிடுங்கள். கைப்பேசியில் மணி வைக்கத் தேவையில்லை, கரை வந்தால் தெரியும். நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பையை மடியில் வையுங்கள். கண்ணை மூட வேண்டாம்; முன் இருக்கையின் முதுகில் பார்வையைத் தளர்வாக விடுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். வலது குதிகாலில் தொடங்குங்கள். அழுத்தமா, சூடா, வலியா, மரத்திருக்கிறதா, பஸ்ஸின் அதிர்வு ஏறுகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து உள்ளங்காலின் வெளி ஓரம், பெருவிரலின் அடி, மற்ற விரல்கள். பிறகு இடது கால். ஒரு பாதத்துக்கு ஒரு நிமிடம் போதும். முடிந்ததும் மறுபடி வலது. ஒன்றும் தெரியாத இடத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்பதே பதில், நகர்ந்துவிடுங்கள்.

அரை நிமிடத்தில் மனம் லைன் லீடரிடம் போய்விடும். அவர் சொன்னது, நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது, அதற்கு அவர் சொல்லியிருக்கக்கூடியது என்று முழு நாடகமும் ஓடும். போனதைக் கண்டுபிடித்த அந்த நொடியில் மனத்துக்குள் "யோசனை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குதிகாலுக்குத் திரும்புங்கள். போனதற்காகத் திட்டிக்கொள்ளாதீர்கள். திரும்புவதுதான் பயிற்சி. ஒரு பயணத்தில் முப்பது தடவை போய் முப்பது தடவை திரும்பினால் அது கெட்ட நாள் இல்லை, முப்பது முறை செய்த நாள். "அவரை நினைக்கவே கூடாது" என்று மட்டும் உட்காராதீர்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிச் சோதித்தார். கரடி விடாமல் வந்துகொண்டே இருந்தது. நினைக்கலாம் என்று அனுமதித்த பிறகோ, தடை இல்லாதவர்களைவிட இவர்கள் அதிகமாகவே நினைத்தார்கள்.

இப்படி மனத்துக்குள் பெயர் சொல்லித் திரும்பும் முறை பினாங்குக்குப் புதிதல்ல. பர்மாவின் பௌத்தத் துறவி மஹாசி சயாடோ பரப்பிய விபஸ்ஸனா தியான முறையில் இதுதான் அடிப்படை. அந்த மரபில் நடக்கும் தியான நிலையம் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கிறது. இன்று செயலிகளில் வருவது அதன் மருத்துவமனை வடிவம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக அமைத்தது. எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். அங்கே ஒவ்வொரு வகுப்பிலும் "இந்த வாரம் என்ன நடந்தது?" என்று ஆசிரியர் கேட்பார். நெஞ்சு இறுகுகிறது என்று நீங்கள் இரண்டாம் வாரமே சொல்லியிருப்பீர்கள், அவர் அப்போதே மாற்றிக் கொடுத்திருப்பார். செயலியில் அந்த ஆசிரியரைக் கழற்றிவிட்டு ஒலிப்பதிவை மட்டும் விற்கிறார்கள். ஆறு வாரம் நீங்கள் தனியாகத் தவித்ததில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

அம்மாவின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஜபம் மனத்தை ஒரே இடத்தில் கட்டுகிறது. இந்தப் பயிற்சி மனம் எங்கே போயிற்று என்று கவனிக்கிறது. இரண்டும் இரண்டு வேலை, ஒன்றுக்கொன்று பகையில்லை. விளக்கேற்றி மந்திரம் சொல்லும் வழக்கம் இருந்தால் விடாதீர்கள். அம்மாவோடு சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது. நீங்கள் இருவரும் கத்தாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் அது.

இனி முக்கியமான பகுதி. பாலத்தில் செய்வது ஆயத்தம். கோபத்துக்கு நேரடியாக உதவுவது, உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது.

உங்கள் கடிதத்தில் "கோபம்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இளைஞர்களிடம் கேட்டால் "ஸ்ட்ரெஸ்" என்பார்கள், இல்லாவிட்டால் "கடுப்பு". ஒரே சட்டியில் எல்லாவற்றையும் போட்டு வதக்கியதுபோல. தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். எரிச்சல் என்பது தோலில் இருக்கும், சீக்கிரம் போய்விடும். ஆத்திரம் அவசரப்படும், இப்போதே எதையாவது செய் என்று தள்ளும். ரோஷம் மானத்தில் அடிபட்டால் வருவது. மனத்தாங்கல் நெருங்கியவர்மேல் மட்டும்தான் வரும். லைன் லீடர்மேல் யாருக்கும் மனத்தாங்கல் வராது, அம்மாமேல் வரும். ஆதங்கம் என்றால் உள்ளே ஓர் ஆசையும் இருக்கிறது, நடக்க வேண்டியது நடக்கவில்லையே என்று. சலிப்பு, அசதி, கூச்சம், அவமானம், ஏக்கம், பதைப்பு. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் வலிக்கிறது, வேறு மருந்து கேட்கிறது. அவமானத்துக்குத் தேவை மதிப்பு. அசதிக்குத் தேவை படுக்கை. மனத்தாங்கலுக்குத் தேவை பேச்சு. எல்லாவற்றையும் கோபம் என்று எழுதிவைத்தால் எல்லாவற்றுக்கும் கத்தல்தான் மருந்தாகிறது.

இதில் ஆய்வும் இருக்கிறது. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழுவினர், முகபாவங்களைக் காட்டி அவற்றின் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு குறைவதை ஸ்கேனில் கண்டார்கள். வெளிப்பார்வைக்கு வெறும் பெயர் வைத்தல். மூளைக்கு அது ஒரு வேலை.

எப்படிச் செய்வது? ஒரு சின்ன நோட்டு, ஏழு நாள். வேலையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று நாளுக்கு இரண்டு வரி மட்டும். வரிக்கு மூன்று விவரம்: உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, மேலே சொன்னவற்றில் எந்தச் சொல், பத்துக்கு எத்தனை. உதாரணத்துக்கு, "காலை 10. லீடர், மெஷின் செட்டிங். காது சூடு, தாடை இறுக்கம். அவமானம். 8." அடுத்த வரி, "இரவு 8.15. அம்மா, சாப்பிட்டியா. பிடரி கனம். அசதி 7, அவமானம் 6." இரண்டாவது வரியில் அம்மாமேல் கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. காலை பத்து மணிக்கு விழுங்கியதை இரவு எட்டேகாலுக்குக் கக்குகிறீர்கள். பாதுகாப்பான இடம் பார்த்துத்தான் அது வெளியே வருகிறது. அம்மா உங்களை வேலையிலிருந்து நிறுத்த மாட்டார் என்று அதற்குத் தெரியும்.

நோட்டில் கதை எழுதாதீர்கள். யார் என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதினால் கோபத்தைச் சுண்டக் காய்ச்சுவது ஆகிவிடும். பலரும் தடுக்கிவிழுவது இங்கேதான். இரண்டு வரிக்கு மேல் போனால் பேனாவை மூடிவிடுங்கள்.

ஒரு வாரத்தில் உடம்பின் முதல் அடையாளம் எது என்று தெரிந்துவிடும். சிலருக்குத் தாடை, சிலருக்குக் காது, சிலருக்கு வயிறு. அதுதான் உங்கள் மணி. வாய் திறப்பதற்குச் சில நொடி முன்னதாக அது அடிக்கும். அடிக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே: இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். பாலத்தில் பழகியது இங்கே கைகொடுக்கும். மூச்சை இழுக்காதீர்கள். வேண்டுமானால் ஒரு தடவை மெதுவாக விடுங்கள், விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல. உள்ளே வாங்குவதைவிட வெளியே விடுவது நீண்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

இப்போது கதவு.

சண்டைக்கு நடுவே விலகிப்போவது நல்ல வழக்கம். கிளர்ந்த உடம்பு அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். நீங்கள் செய்வது விலகுதல் மாதிரி தெரிகிறது, ஆனால் அது வேறு. எப்போது வருவேன் என்று சொல்லாமல் சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது தண்டனை. இரண்டு நாள் அம்மா என்ன நினைத்திருப்பார்? அதிலும் "மெடிட்டேஷன்" என்ற பெயரில் சாத்தினால் அவர் கேள்வி கேட்கவும் முடியாது. பயிற்சி கேடயம் ஆகிவிட்டது. புதிதாகத் தொடங்கும் இளைஞர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. அமைதியாக இருப்பதே பக்குவம் என்று நினைத்துக்கொண்டு, பேச வேண்டியதையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். வேலையிடத்திலும் நீங்கள் செய்வது அதுதான், இடம் மட்டும் வேறு.

விலகும்போது மூன்று வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள். "அம்மா, இப்ப பேசினா நான் கத்திடுவேன். உங்க மேல கோபம் இல்ல. குளிச்சிட்டு எட்டரைக்கு வர்றேன்." நேரத்தைச் சொல்வது முக்கியம். அந்த நேரத்துக்கு வருவது அதைவிட முக்கியம், பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து அடுப்படியில் நில்லுங்கள். உள்ளே இருக்கும் இருபது நிமிடத்தில் வாதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கக் கூடாது; ஓட்டினால் உடம்பு அடங்காது. துணி மடியுங்கள், குளியுங்கள், பூனை இருந்தால் சோறு வையுங்கள். கைப்பேசி மட்டும் வேண்டாம், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அக்காவுக்குப் புகார் போய்ச் சேர்ந்துவிடும்.

அதையும் மீறிக் கத்திவிட்டால்? கத்துவீர்கள், இன்னும் பலமுறை. அதற்குப்பின் செய்வதைப் பழகிக்கொள்ளுங்கள். அன்றே, தூங்கும்முன். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு வையுங்கள்: "நான் தட்டைத் தள்ளினது தப்பும்மா. இன்னிக்கு வேலைல ரொம்ப அவமானமாப் போச்சு, அதை உங்க மேல காட்டிட்டேன்." "ஆனா நீங்களும்..." என்று தொடங்காதீர்கள், அந்த ஓர் "ஆனா" முன்னால் சொன்னதை எல்லாம் அழித்துவிடும். அழுதுகொண்டே "நான் மோசமான பிள்ளை" என்று சொல்வதும் உதவாது. அப்போது அம்மா உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது, அடிபட்டவர் அவர்.

நம் வீடுகளில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. சண்டை முடிந்த ஒரு மணி நேரத்தில் "வா, சோறு ஆறுது" என்று ஒரு குரல் வரும். அதுதான் சமாதானக் கொடி. அந்தக் குரலை மதியுங்கள், "பசிக்கல" என்று திருப்பி அனுப்பாதீர்கள். எழுந்து போய் உட்கார்ந்து இரண்டு கவளம் சாப்பிட்டபின் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லலாம். "சாப்பிட்டியா" என்பது அவருக்கு வணக்கம் மாதிரி. உங்களுக்கு அது இன்னொரு மேற்பார்வையாளர் கேட்கும் கணக்கு மாதிரிக் கேட்கிறது, அந்த நேரத்து அசதியில். அமைதியான ஒரு நாளில் அம்மாவிடமே சொல்லிவையுங்கள்: "வந்ததும் இருபது நிமிஷம் எதுவும் கேட்காதீங்கம்மா, நானே வந்து சொல்றேன்." அவர் மறந்துபோய்க் கேட்பார். ஒரு வாரம் பொறுங்கள்.

லைன் லீடர் விஷயம். பயிற்சியால் அவரைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி வளர்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். யாரும் கத்தாமலே வேலை வாங்க முடியும். நோட்டில் அவமானம் 8 என்று திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் பக்குவக் குறை அல்ல, உங்களுக்குக் கிடைக்கும் தகவல். அவர் கத்தும்போது பதில் பேச வேண்டாம். மறுநாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், தனியாக, ஒரே விஷயம்: "நேத்து செட்டிங்ல நான் செஞ்ச தப்பு சரிதான். அடுத்த தடவை தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்." மலாயில் சொல்வதாக இருந்தால் முதல் நாளே எழுதி இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பதற்றத்தில் மொழி முதலில் ஓடிவிடும். பலன் இல்லாவிட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் என்று குறித்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். வேலை நேரத்தையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். மலேசிய வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 48 மணி என்பது 45 ஆகிவிட்டது. ஷிப்ட் ஆட்களுக்கு மூன்று வாரச் சராசரியைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் போவது ஓ.டி., அதாவது மிகைநேர வேலைக் கணக்கு.

அக்கா சொல்வதைப் பற்றி இரண்டே வார்த்தை. முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. 18 முதல் 25 வரையிலான இந்தக் கட்டத்தை 2000ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஆர்னெட் தனிப் பருவமாகவே எடுத்து எழுதினார். இது கத்துவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல, ஆனால் 24இல் பழகுவது தாமதமும் அல்ல. கையில் பிள்ளை இருப்பது பொறுப்பு. பக்குவம் அதோடு சேர்ந்தே வந்துவிடும் என்றால் கத்தும் பெற்றோரே ஊரில் இருக்க மாட்டார்கள். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

இந்தப் பயிற்சியைச் சர்வரோக நிவாரணியாக நான் விற்கவில்லை. பிரிட்டனில் 8,000க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. வகுப்பில் மைண்ட்ஃபுல்னஸ் கற்றவர்களுக்கும் வழக்கமான பாடம் படித்தவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. கட்டாயத்தில் கேட்ட 20 நிமிடத்தைவிட, தானாகச் செய்த நான்கு நிமிடத்தை நான் நம்புவேன்.

சிலர் செய்யவே கூடாத நேரமும் உண்டு. கண்ணை மூடினால் பழைய அடி, வன்முறை, விபத்து காட்சியாகத் திரும்பி வருகிறது என்றால், தான் தன் உடம்பில் இல்லாததுபோல் தோன்றினால், பயிற்சி முடிந்தும் பல மணி நேரம் படபடப்பு நீடித்தால் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துத் தொடர வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் மாறிப்போயிருந்தால் அது கோபப் பிரச்சினை அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக் கெசிஹாத்தானில் அதற்கான கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். தனியார் ஆலோசகரிடம் போனால் 1998 ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் 15555, அல்லது 24 மணி நேரமும் எடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. தற்கொலை முயற்சி 2023 முதல் இந்த நாட்டில் குற்றம் இல்லை. போலீஸ் வருமோ என்ற பயத்தில் மறைக்க வேண்டாம்.

தொடங்குவதற்கு ஒரு பகல் ஷிப்ட் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் பாலம் மட்டும், அதுவும் வீடு திரும்பும்போது மட்டும். இரண்டாம் வாரம் நோட்டைச் சேருங்கள். மூன்று வாக்கியத்தை மூன்றாம் வாரத்தில் முயன்றால் போதும். இரவு ஷிப்ட் வந்ததும் எல்லாம் குலையும், அது எதிர்பார்த்ததுதான். அந்த வாரங்களில் காலையில் பஸ்ஸில் தூங்குங்கள், பயிற்சியை மாலையில் வேலைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒரு பாதம், ஒரு நிமிடம், அவ்வளவு செய்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பாருங்கள்.